தெருவிலும் ஹாலிலும் படம் எடுப்பது: பெங்களூரிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

எனக்குப் புகைப்படம் தொழில் இல்லை. வாரநாளெல்லாம் கணக்கு வேலை. சனி, ஞாயிறு அல்சூர், சிவாஜி நகர், சிட்டி மார்க்கெட் பக்கம் கேமராவோடு சுற்றுவேன்; மழை பிடித்துக்கொண்டால் வீட்டு ஹாலே ஸ்டுடியோ. படங்களைப் பார்த்த நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என்ன கேமரா வாங்கலாம்?

இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். பத்து வருடப் பழைய கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் தெருவுக்குப் போதும், ஹாலுக்கும் போதும். போனும் போதும், இருட்டில் மட்டும் திணறும். காசு கையில் துறுதுறுத்தால் அடுத்த லென்ஸுக்கு முன்னால் ஒரு சாதாரண ஃபிளாஷும் அதைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து இயக்க ஒரு ட்ரிக்கரும் வாங்குங்கள். லென்ஸ் மாற்றினால் படம் கொஞ்சம் கூர்மையாகும். வெளிச்சம் வரும் திசையை மாற்றினால் படமே வேறாகிவிடும்.

தெருவில் எடுப்பதும் வீட்டில் எடுப்பதும் வேறு வேறு இல்லையா? எதில் தொடங்குவது?

இரண்டிலும் ஒன்றாகவே தொடங்குங்கள். ஒன்றில் பார்த்ததை மற்றதில் செய்து பார்க்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயமே.

ஒரு உதாரணம். சிட்டி மார்க்கெட் என்று நாம் சொல்லும் கே.ஆர். மார்க்கெட்டில், விடிவதற்கு முன் பூ விற்கும் ஒரு அம்மாவைக் கவனியுங்கள். தலைக்கு மேல் குடைக்கம்பியில் ஒரு எல்.இ.டி. பல்பு தொங்கும். மேலிருந்து விழும் அந்த வெளிச்சத்தில் கண் இரண்டும் குழியாகத் தெரிய வேண்டும். ஆனால் தெரியாது. அவர் முன்னால் முழங்கால் உயரத்துக்குச் சாமந்தி குவிந்திருக்கிறது. பல்பு வெளிச்சம் அதில் பட்டு மஞ்சளாக மேலே எழும்பி, முகவாய்க்கு அடியிலும் கண்ணுக்குக் கீழேயும் நிரம்புகிறது. மூக்குத்திக்குக் கீழே கூட ஒரு மஞ்சள் கோடு ஓடும். பக்கத்துக் கடையில் குவிந்திருப்பது துளசியும் மருக்கொழுந்தும் என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர் முகம் இப்படி இருக்காது. இருண்ட பச்சை வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, யாரையாவது தரையில் உட்கார வைத்து, தலைக்கு மேல் சற்று முன்தள்ளி ஒரு பல்பைப் பிடித்து, மடியில் மஞ்சள் சார்ட் பேப்பரை விரித்துப் பாருங்கள். அடுத்து அதை வெள்ளைத் தாளாக மாற்றுங்கள். பிறகு கருப்பு. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் அட்டை) என்ன செய்கிறது என்பதை யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மறுவாரம் மார்க்கெட்டுக்குப் போனால், எந்தக் கடை முன்னால் நின்று காத்திருக்க வேண்டும் என்று கால் தானாகப் போகும்.

பெங்களூரில் எங்கே போகலாம், எந்த நேரத்தில்?

சிட்டி மார்க்கெட் என்றால் விடியற்காலை. வெயில் ஏறினால் கூட்டம் நெருக்கும், பூவும் முக்கால்வாசி போயிருக்கும். முதல் மாடியிலிருந்து கீழே குனிந்து பூக்குவியல்களை வட்டம் வட்டமாக எடுக்கும் படத்தை எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். நீங்களும் ஒருமுறை எடுத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள், முகங்கள் கீழேதான் இருக்கின்றன.

அங்கிருந்து நடந்தே அவென்யூ ரோடு. அது ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடும் குறுகலான தெரு. காலையில் மேற்குப் பக்கக் கடைகளின் மேல் வெயில் அடிக்கும். அந்தச் சுவர்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்து நிழலில் நிற்பவர்கள் மேல் மெத்தென்று விழும். வெயிலில் நிற்பவரை விட்டுவிட்டு எதிரே நிழலில் நிற்பவரை எடுங்கள். பழைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் இதற்குத் தோதான ஆட்கள், ஒரே இடத்தில் அசையாமல் நிற்பார்கள்.

சிவாஜி நகரில் 1927-இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டும் அதன் முன்னாலிருக்கும் திறந்த இடமும் எந்த நாளும் ஏமாற்றாது. பக்கத்திலேயே செயின்ட் மேரீஸ் பசிலிக்கா. செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குக் காவி உடுத்தி வரும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கும்போது வேளாங்கண்ணிக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றிய தெருக்கள்; சித்திரையில் ராத்திரி முழுக்கப் பூப்பல்லக்குகள் வரும். இரவுத் திருவிழாவுக்கு ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200-க்கு ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பார்ப்பவர்கள் மன்னிப்பார்கள், முகம் கலங்கியிருந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

நடுப்பகலில் கேமராவை மூடி வைத்துவிட வேண்டியதுதானா?

முகம் எடுக்க ஆசைப்பட்டால், ஆமாம். பெங்களூரு சுமார் 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று பகல் 12.15-க்கும் 12.25-க்கும் நடுவில் ஒரு கம்பத்தை நட்டால் அதற்கு நிழலே விழாது. அந்த நாட்களைச் சுற்றிய வாரங்களில் மத்தியானம் யாரை எடுத்தாலும் புருவத்துக்குக் கீழே இரண்டு பள்ளம்தான் வரும்.

ஆனால் அதே வெயில் தரைக்கு நல்லது. குடைக்குக் கீழே அச்சு எடுத்தது போல நிழல், தள்ளுவண்டிக்கு அடியில் படுத்திருக்கும் நாய், கடை முகப்பில் கட்டிய நீலத் தார்ப்பாய் வழியாக வடிந்து உள்ளேயிருக்கும் எல்லாவற்றையும் நீலமாக்கும் வெளிச்சம். இதற்கு மத்தியானம்தான் நேரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிய நாட்களில் நேரம் பார்க்கவே வேண்டாம். வானமே சாஃப்ட்பாக்ஸ், ஸ்டுடியோவில் வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கும் துணிப்பெட்டி மாதிரி.

ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஃபோகஸ் ஆவதற்குள் போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

ஃபோகஸை முன்கூட்டியே வைத்து விடுங்கள். ஏ.பி.எஸ்.-சி எனும் சிறிய சென்சார் கேமராவில் 23 மி.மீ. லென்ஸ், திறப்பு எஃப் 8, ஃபோகஸ் இரண்டரை மீட்டர் என்று வைத்தால், சுமார் 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லாம் கண்ணுக்குக் கூர்மையாகவே தெரியும். அதைவிடப் பெரிய சென்சார் உள்ள முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் 35 மி.மீ., எஃப் 8, மூன்று மீட்டர் என்றால் 1.9 முதல் 7 மீட்டர் வரை. தெருவில் நமக்கு வேண்டிய எதுவும் இதற்கு வெளியே போகாது.

கேமராவோடு வரும் லென்ஸில் தூரக் குறியீடு இருக்காது. இரண்டரை மீட்டரில் இருக்கும் ஒரு கம்பத்தில் ஆட்டோஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். பிறகு ஜூமைத் தொடக்கூடாது, அது மட்டும் நினைவிருக்கட்டும். நடப்பவர்களுக்கு ஷட்டர் 1/250 நொடி போதும், சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் 1/500.

முன்பின் தெரியாதவர்களை எப்படி எடுப்பது? பயமாக இருக்கிறதே.

இந்தப் பயம் இருப்பது நல்லதுதான், முழுதாகப் போய்விடக் கூடாது.

முகம் பெரிதாக வரும் படம் என்றால் நான் கேட்டுவிடுவேன். கூட்டத்தில் ஒருவராகத் தெரியும் படம் என்றால் கேட்பதில்லை. அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுனில் தமிழே போதும்: "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" மற்ற இடங்களில் கன்னடத்தில் கேளுங்கள்: "ஒந்து ஃபோட்டோ தெகீபஹுதா?" உச்சரிப்பு பிசகினாலும் கேட்ட முயற்சிக்கே பாதி பேர் சிரித்துவிடுவார்கள். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்துவிட்டு இதைக்கூடக் கற்றுக்கொள்ளாமல் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும்.

"முதல்ல பூ வாங்குப்பா, அப்புறம் எடு" என்று ஒரு பூக்கார அம்மா சொன்னார். நியாயமான பேச்சு. அதிலிருந்து யாவாரம் நடக்கும் இடத்தில் முதலில் ஏதாவது வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு முழம் மல்லி வாங்கி, சில்லறைக்காக நிற்கும் நேரத்தில் உங்களை யாரும் வெளியாளாகப் பார்ப்பதில்லை.

ஒருவர் கையால் வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும். எடுத்த பிறகு அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள். உரிமை பற்றி வாதம் செய்து காப்பாற்றும் அளவுக்கு எந்தப் படமும் உயர்ந்ததில்லை. குழந்தைகளைப் பெற்றவர்களிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். தெருவில் தூங்குபவர்களையும் பிச்சை எடுப்பவர்களையும் எடுப்பதில்லை என்பது என் முடிவு. எடுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் எதுவும் எனக்கு ஒப்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடத்தில் படம் எடுப்பதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் ராணுவ இடங்கள் கூடாது. அல்சூர் ஏரிக் கரையில் இது முக்கியம், ஏனென்றால் 'தம்பிகள்' என்று பெயர் பெற்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் அங்கேதான். அந்த மதில் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். மெட்ரோ நிலையத்துக்குள் எடுக்க அனுமதி வேண்டும்.

பெண்களை அந்தரங்கமான நிலையில் மறைந்திருந்து படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் குற்றம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்களே, அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. நம்ம ஊர்க்காரர்.

வீட்டில் ஸ்டுடியோவா? எங்கள் ஹாலில் சோபா போட்டால் நடக்கவே இடமில்லை.

ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம், அவருக்குப் பின்னால் ஒரு எட்டு, முன்னால் நீங்கள் நிற்க ஒரு எட்டு. அவ்வளவுதான்.

வடக்கு பார்த்த ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலான மாதங்களில் நேர் வெயில் உள்ளே வராது. வெயில் விழும் ஜன்னல் என்றால் ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டுங்கள். எட்டு முழத்தை ஒற்றையாக விட்டால் வெளிச்சம் கொஞ்சம் இளகும், இரண்டாக மடித்தால் முகத்தில் நிழலின் ஓரமே தெரியாது. பட்டுக்கரை வேட்டி வேண்டாம், கரையின் நிறம் கன்னத்தில் வந்து விழும். நீலம் போட்டு வெளுத்ததும் வேண்டாம், சருமம் வெளிறிப் போகும்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நிழல் கரையும், தள்ளினால் அடரும். அட்டையை எடுத்துவிட்டு அங்கே கருப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் நிழல் இன்னும் இறங்கி, கன்ன எலும்பு எடுத்துக் காட்டும். வயதானவர்களை எடுக்கும்போது இந்தக் கருப்புத்தான் எனக்குப் பிடிக்கும். சுருக்கத்தை மறைத்து எடுத்தால் பாட்டி பாட்டியாக இருக்க மாட்டார். பாட்டிகள் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

பின்னணித் துணிக்குச் சிக்பேட்டையில் அலையலாம். ஸ்டாண்ட், கிளாம்ப், வயர் மாதிரி சாமான்களுக்கு எஸ்.பி. ரோடு.

பின்னணிக்குக் கருப்புத் துணி வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். வெள்ளைச் சுவரையே இருட்டாக்கலாம். சின்ன விளக்கின் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி. ஃபிளாஷை முகத்துக்கு அரை மீட்டரில் வையுங்கள். சுவர் ஃபிளாஷிலிருந்து இரண்டு மீட்டரில் இருக்கட்டும். சுவருக்குப் போவது முகத்துக்குக் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது நான்கு ஸ்டாப் கம்மி (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). முகம் சரியாக வரும்படி வைத்தால் வெள்ளைச் சுவர் கரும் சாம்பலாகிவிடும். சுவர் வெள்ளையாகவே வேண்டுமா? ஃபிளாஷைத் தள்ளி வைத்து, ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள்.

1/125, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால் ஹால் விளக்கு எரிந்தாலும் படத்தில் அதன் சுவடே இருக்காது. அதனால் டி.வி. பார்ப்பவர்களை எழுப்ப வேண்டியதில்லை. குடும்ப அமைதிக்கு இது பெரிய உதவி.

டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதே?

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு ஒரு நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. 1/100 அல்லது 1/50-இல் எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுச் சுற்று அடங்கிவிடும், கோடு போய்விடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள், மலிவான எல்.இ.டி. விளக்குகளில் அதுதான் அதிகம் மாட்டிவிடும். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தையும் விளக்கையும் கலக்க வேண்டாம்; பாதி முகம் நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் வந்தால் எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது.

மழை நாளில் வீட்டில் செய்ய ஏதாவது சோதனை சொல்லுங்கள்.

ஊதுபத்திப் புகை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பின்னால் கருப்புத் துணியை நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள். ஃபிளாஷ் பக்கவாட்டில், புகைக்குச் சற்றுப் பின்னாலிருந்து வர வேண்டும், துணி மேல் ஒரு துளி வெளிச்சம் படக்கூடாது. ஃபிளாஷுக்கும் துணிக்கும் நடுவே ஒரு அட்டையை நிறுத்தினால் வேலை முடிந்தது. சக்தியை 1/16-க்கு இறக்குங்கள். இந்த வகை ஃபிளாஷ்களில் சக்தி குறையக் குறைய மின்னும் நேரமும் குறையும், அதனால் புகையின் இழை உறைந்தாற்போல் நிற்கும். பத்தியின் நுனியிலிருந்து புகை முதலில் நேர்க்கோடாக எழும்பி, ஒரு உயரத்துக்கு மேல் உடைந்து சுருள ஆரம்பிக்கும். அந்த உடையும் இடத்தில் ஃபோகஸை வையுங்கள், சுருள் அங்கேதான் பிறக்கிறது. கதவைத் திறந்து யாராவது உள்ளே வந்தால் அடுத்த சில படங்கள் கிறுக்கலாக வரும். பல சமயம் அவைதான் தேறும்.

குத்துவிளக்கும் எவர்சில்வர் சொம்பும் அடுத்த நிலை. வளைந்த உலோகம் அறை முழுவதையும் காட்டும், உங்களையும் சேர்த்து. விளக்கை எவ்வளவு மாற்றினாலும் போகாது. சொம்பைச் சுற்றி வேட்டியால் கூடாரம் போட்டு, அதில் லென்ஸ் மட்டும் நுழையும் அளவு சந்து விட்டு, வெளியிலிருந்து வெளிச்சம் அடியுங்கள். வெறும் வெள்ளையாக இருந்தால் உலோகம் பிளாஸ்டிக் மாதிரி தெரியும். கூடாரத்துக்குள் ஒரு கருப்புத் தாள் பட்டையை ஒட்டுங்கள்; அது சொம்பில் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்த நொடியில் வளைவு வந்துவிடும்.

வீட்டு ஆட்கள் கேமராவைப் பார்த்ததும் விறைத்துக்கொள்கிறார்கள்.

கையில் வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பூ கட்டுவது, ரேஷன் கார்டில் பெயர் சரியா என்று பார்ப்பது. அப்புறம் சிரிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள்.

கருப்பு வெள்ளையா, வண்ணமா?

எந்தப் படத்தையும் கருப்பு வெள்ளையாக்கினால் கொஞ்சம் கனமாகத் தெரியும், அதனாலேயே எனக்குச் சந்தேகம். சாமந்தியையும் கனகாம்பரத்தையும் வண்ணமில்லாமல் எடுத்து என்ன பயன்? ரகுபீர் சிங் 1970-களிலிருந்தே இந்தியத் தெருக்களை வண்ணத்தில் எடுத்தவர், அவர் படங்களைத் தேடிப் பாருங்கள். வெளிச்சமும் உருவமும்தான் படம், வண்ணம் குறுக்கே நிற்கிறது என்றால் மட்டும் எடுத்துவிடலாம். அந்தப் பக்கத்துக்கு மைசூரு டி.எஸ். சத்யன் இருக்கிறார். 1923-இல் பிறந்து, 1977-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். பரபரப்பே இல்லாத சாதாரண ஜனங்களையும் குழந்தைகளையும் எடுத்தார்.

திரையில் பார்ப்பது போதாது, அச்சிட்ட படத்தை நேரில் பாருங்கள். கஸ்தூர்பா ரோட்டில் 2023-இல் திறந்த 'மேப்' (கலை, புகைப்பட) அருங்காட்சியகத்தில் புகைப்படங்களுக்கென்றே பெரிய சேகரிப்பு உண்டு.

படத்துக்கு உரிமை யாருக்கு? காசு வருமா?

எடுத்தவருக்கு. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி வெளியான பின் 60 வருடம் நிற்கும். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை அவருக்குப் போய்விடும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் காசு வாங்குவதற்கு முன் இதைப் பேசிக்கொள்ளுங்கள். காசு வருமா என்றால், எனக்கு இன்னும் பிரியாணிதான் வந்திருக்கிறது.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது?

தோல் பையில் போட்டு பீரோவுக்குள் வைப்பதுதான் பூஞ்சைக்கு அழைப்பு. ரப்பர் வளையம் போட்ட, காற்று புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். ஈரம் ஏறினால் மணிகளின் நிறம் மாறும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நச்சு. அதைச் சமையல் வாணலியில் போட்டு வறுக்காதீர்கள். ஆரஞ்சு நிற மணிகளைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் தனியாக ஒரு பழைய சட்டியை ஒதுக்கிவிடுங்கள்.